மற்றொரு படி

நுழையும்முன்

ஏட்டில் எழுதியதைக் கறையான் தின்றது. கல்லில் வெட்டியதைச் சுண்ணாம்புப் பூச்சு மூடியது. இன்று கைப்பேசித் திரையில் விரல் தவறிப் பட்டாலே பல நாள் உழைப்பில் உருவான காணொலி மறைந்துவிடுகிறது. மறைந்தது மீண்டும் கிடைக்குமா, எந்த நிலையில் கிடைக்கும், எந்த நிலையில் கிடைக்காது என்பவற்றை இப்பாடம் ஆராய்கிறது.

நீர் சூழ்ந்த மலை

சென்னையின் தென்புறநகரில், பல்லாவரத்துக்கு மேற்கே, அடையாற்றை அடுத்து அமைந்துள்ளது திருநீர்மலை. வைணவர் போற்றும் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் கோயிலும் மலைமேல் அரங்கநாதர் கோயிலும் உள்ளன. மலையைச் சுற்றி நீர் சூழ்ந்து நின்றமையால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து, நீர் வடிந்தபின் வழிபட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஊரின் பெயரிலேயே நீர் இருக்கிறது. பேரூராட்சியாக இருந்த இவ்வூர் 2021இல் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்தது. புறநகரின் பிற ஊர்களைப் போலவே இங்கும் ஏரியை நம்பிய வாழ்க்கை முதியோரின் பேச்சில்தான் மிகுதியாக எஞ்சியிருக்கிறது.

அத்தகைய பேச்சைப் பதிவு செய்ய இன்று பெரிய கருவிகள் தேவையில்லை. இவ்வூர் மாணவி ஒருத்தி, ஏரி நிறைந்து கலங்கல் வழிந்த நாள்களையும் மதகு திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சிய முறையையும் தன் பாட்டி சொல்லச் சொல்லக் கைப்பேசியில் பதிவு செய்து, இன்ஸ்டாகிராமில் வெளியிட்டதாகக் கொள்வோம். சில மாதங்களில் கைப்பேசியில் இடம் நிறைந்துவிடுகிறது. ஊடகத்தில்தான் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் அவள் மூலப்பதிவை அழிக்கிறாள். பிறகு ஒருநாள், பழைய பதிவுகளை ஒழுங்குபடுத்தும்போது, ஊடகத்தில் இருந்ததையும் வேறொன்று என எண்ணி அழித்துவிடுகிறாள். அதற்குள் பாட்டி மறைந்துவிட்டார். மீண்டும் பதிவு செய்ய இயலாத ஒன்றை இழந்த அம்மாணவி முதலில் செய்ய வேண்டியது யாது? விடை காண, அழித்தல் என்னும் செயல் கருவிக்குள் எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிய வேண்டும்.

அழித்தல் நிகழும் விதம்

பெரிய நூலகம் ஒன்றில் ஒவ்வொரு நூலும் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைக் காட்டும் அட்டவணை இருக்கும். ஒரு நூலுக்குரிய அட்டையை மட்டும் எடுத்துவிட்டால், நூல் அடுக்கிலேயே இருந்தாலும் யாராலும் அதைத் தேடி எடுக்க முடியாது. அவ்விடம் காலியாக உள்ளது எனக் கருதி, நூலகர் அங்கே புதிய நூலை வைக்கும்போதுதான் பழைய நூல் உண்மையில் வெளியேறுகிறது. கணினியின் வன்தட்டிலும் பழைய கைப்பேசிகளின் நினைவக அட்டைகளிலும் அழித்தல் இவ்வாறே நிகழ்கிறது. கோப்பின் இருப்பிடத்தைக் காட்டும் குறிப்பு நீக்கப்படுகிறது. கோப்பின் தரவு சிலகாலம் அப்படியே கிடக்கிறது. அதன்மேல் வேறு தரவு எழுதப்படும்வரை மீட்புக்கு வாய்ப்பு உண்டு.

எனவே, நினைவக அட்டையில் இருந்த காணொலி அழிந்தது தெரிந்தவுடன், அக்கைப்பேசியில் புதிய படமோ காணொலியோ எடுக்காமல் இருப்பதே தலையாய செயல். மீட்புச் செயலி ஒன்றைத் தரவிறக்கி அதே கைப்பேசியில் நிறுவுவது பலர் பதற்றத்தில் செய்யும் பிழை. அச்செயலியே அழிந்த காணொலியின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளக் கூடும். அட்டையைக் கழற்றி, கணினியில் இணைத்து, அட்டை முழுவதையும் முதலில் ஒரு படி எடுத்துக்கொண்டு, அப்படியின்மீதே தேட வேண்டும். போட்டோரெக் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இதற்கு உதவுகின்றன. இவை அட்டவணையைப் பொருட்படுத்துவதில்லை. காணொலிக் கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் அடையாளக் குறிகளைத் தேடிக் கண்டெடுக்கின்றன. அதனால் மீண்டுவரும் கோப்புகள் தம் பழைய பெயரை இழந்திருக்கும். நீளமான காணொலி பல துண்டுகளாகச் சிதறிச் சேமிக்கப்பட்டிருந்தால் பாதி மட்டும் கிடைப்பதும் உண்டு.

கைப்பேசியின் உள்நினைவகம் இவ்வளவு இரக்கமுடையது அன்று. அங்கே அழிக்கப்பட்ட கோப்பின் இடங்கள் எவை என்பதை இயங்குதளம் நினைவகத்துக்கு அறிவித்துவிடுகிறது. நினைவகம் ஓய்வு நேரத்தில் அவ்விடங்களை உண்மையாகவே துடைத்து வைக்கிறது. மேலும், புதிய கைப்பேசிகளில் கோப்புகள் மறையாக்கம் செய்யப்பட்டே சேமிக்கப்படுகின்றன. கோப்புடன் அதன் திறவுகோலும் நீங்கிவிட்டால், எஞ்சியிருக்கும் தரவு பொருளற்ற எண் குவியலே. எந்தக் கைப்பேசியிலிருந்தும் எதையும் மீட்டுத் தருவதாகக் கூறும் விளம்பரங்களை ஐயத்துடன் நோக்குவதற்கு இது ஒன்றே போதிய காரணமாகும்.

குப்பைத்தொட்டியின் தவணை

தவறுதலாக அழித்தல் மனித இயல்பு என்பதை மென்பொருள் அமைப்போர் முன்னரே உணர்ந்திருந்தனர். 1995இல் வெளிவந்த விண்டோஸ் இயங்குதளம், அழித்த கோப்புகளைத் தங்கவைக்கும் தொட்டி ஒன்றைத் திரையின் முகப்பிலேயே வைத்தது. அவ்வழக்கம் இன்று சமூக ஊடகங்களிலும் தொடர்கிறது. தொட்டியின் தவணை மட்டும் ஊடகத்துக்கு ஊடகம் மாறுகிறது.

இன்ஸ்டாகிராம் 2021 பிப்ரவரியில் ‘அண்மையில் அழித்தவை’ என்னும் பகுதியைத் தொடங்கியது. பிறர் கணக்கைக் கைப்பற்றுவோர், அதிலுள்ள பதிவுகளை அழித்துவிட்டுப் போவதைத் தடுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. அழித்த படங்களும் காணொலிகளும் அங்கே 30 நாள் தங்கும். காப்பகத்தில் சேராத நாள்பதிவுகள் 24 மணி நேரமே தங்கும். முகநூலின் தொட்டியிலும் 30 நாள் தவணை உண்டு. கூகுள் போட்டோஸ், மேகச் சேமிப்பில் ஏறிய காணொலியைத் தன் தொட்டியில் 60 நாள் வைத்திருக்கிறது. ஏறாததை 30 நாள். இங்கே ஒரு பொறி உள்ளது. கைப்பேசியில் இடம் பெறுவதற்காக அச்செயலிக்குள் ஒரு காணொலியை அழித்தால், மேகச் சேமிப்பில் இருந்த படியும் உடன் அழியும். இரண்டு இடத்தில் இருப்பதாக எண்ணியது உண்மையில் ஒரே படியின் இரு தோற்றமே. வாட்ஸ்அப்பில் ‘எனக்கு மட்டும் அழி’ என்பதைத் தவறி அழுத்தினால், செயலைத் திரும்பப் பெற ஐந்து நொடி கிடைக்கும்.

யூடியூபில் தொட்டியே இல்லை. அங்கே உறுதிப்படுத்தி அழித்த காணொலி அதை வெளியிட்டவருக்கும் திரும்புவதில்லை. பிறர் பார்க்க வேண்டாம் எனக் கருதும் காணொலியை அழிப்பதற்கு மாறாகத் ‘தனிப்பட்டது’ என மாற்றி வைப்பது அங்கே அறிவுடைய செயல். வெளியிடாமல் இன்ஸ்டாகிராமில் வரைவாக வைத்திருக்கும் காணொலிகளோ கைப்பேசியிலேயே இருப்பவை. செயலியை நீக்கினால் அவையும் போய்விடும். வரைவைச் சேமிப்பு எனக் கருதி ஏமாந்தோர் மிகப் பலர்.

மேற்கண்ட மாணவி 30 நாளுக்குள் விழித்துக்கொண்டால், சில நொடிகளில் பாட்டியின் குரல் திரும்பிவிடும். 31ஆம் நாள் அவள் வேறு வழிகளைத் தேட வேண்டும்.

மறதியும் ஓர் உரிமை

தவணை முடிந்தபின் நிறுவனங்கள் ஏன் படியை வைத்திருக்கக் கூடாது என்னும் வினா எழலாம். தம் படத்தையோ காணொலியையோ இணையத்திலிருந்து முற்றாக நீக்க விரும்புவோரின் நிலையிலிருந்து பார்த்தால் விடை விளங்கும். சிறுவயதில் அறியாமல் வெளியிட்ட காணொலி வாழ்நாள் முழுதும் ஒருவரைத் தொடரக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதிகள் இவ்வழிப்புரிமையை வலியுறுத்துகின்றன. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தரவைத் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமையை அளிக்கிறது. ஒருவருக்குப் பாதுகாப்பாக அமையும் முழு அழிப்பே மற்றொருவருக்கு இழப்பாக அமைகிறது. இரண்டையும் ஒருங்கே நிறைவு செய்யும் தவணை எத்தனை நாள் என்பதற்கு எல்லாருக்கும் பொருந்தும் விடை இல்லை.

இந்த இடைவெளியில்தான் ஏமாற்றுவோர் நுழைகின்றனர். அழிந்த காணொலியை ஊடக நிறுவனத்திடமிருந்து மீட்டுத் தருவதாகக் கூறி முன்பணம் கேட்பர். கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்பர். கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணைக் கேட்பர். காணொலி திரும்பாது, கணக்கும் பறிபோகும். பணத்தை இழந்தவர் காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

பிறர் கையில் இருப்பது

கருவியும் ஊடகமும் கைவிட்டபின் எஞ்சுவது மனிதர்களின் கைகளே. காணொலி வெளியிட்ட நாளில் உறவினர் குழுவில் அனுப்பியிருந்தால், யாரோ ஒருவருடைய கைப்பேசியில் அது இன்னும் இருக்கும். வாட்ஸ்அப் காணொலியைச் சுருக்கி அனுப்புவதால் தெளிவு குறைந்திருக்கலாம். குரல் குறையாமல் கேட்கும். காணொலியைத் தொகுத்த செயலியின் கோப்புறை, வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய கைப்பேசி, தந்தையின் மின்னஞ்சல், அதே காணொலியை மறுபகிர்வு செய்த தோழியின் பக்கம் ஆகிய ஒவ்வொன்றையும் தேடலாம். யூடியூபில் ஒவ்வொரு காணொலிக்கும் 11 குறிகள் கொண்ட தனி அடையாளம் உண்டு. உலாவியின் வரலாற்றிலிருந்து அதை எடுத்துத் தேடுபொறியில் இட்டால், அக்காணொலியை எடுத்தாண்ட வேறு பக்கங்கள் தென்படக் கூடும். இணைய ஆவணக் காப்பகத்தின் ‘வேபேக் மெஷின்’ பழைய பக்கங்களைக் காட்டும். காணொலி அதில் அரிதாகவே கிடைக்கும்.

பிறர் கையில் இருந்த படியால் பிழைத்தவை காணொலிக் காலத்துக்கு முன்னரும் உண்டு. 1933இல் வெளிவந்த ‘மார்த்தாண்ட வர்மா’ என்னும் பேசாப்படத்தின் வரலாறு கேட்கத்தக்கது. நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் தயாரிக்க, பி.வி. ராவ் இயக்கிய அப்படம், சி.வி. இராமன் பிள்ளையின் புதினத்தைத் தழுவியது. புதினத்தின் பதிப்புரிமை பெற்றிருந்த திருவனந்தபுரத்துக் கமலாலயம் புத்தக நிலையம் வழக்குத் தொடுத்தது. படம் திரையிலிருந்து இறங்கியது. படச்சுருள் பதிப்பகத்தார் வசம் சென்றது. தயாரிப்பாளருக்கு அது பேரிழப்பு. ஆனால் திரையரங்குகளில் ஓடித் தேய்ந்த பிற படச்சுருள்கள் அழிந்துபோக, வழக்கில் முடங்கிய இச்சுருள் நாற்பது ஆண்டு கடந்தும் கிடந்தது. 1974இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை மீட்டது. தென்னிந்தியப் பேசாப்படங்களுள் இன்று காணக் கிடைக்கும் மிகச் சிலவற்றுள் அது ஒன்று. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ அவ்வாய்ப்பைப் பெறவில்லை. டி.பி. இராஜலட்சுமி நடித்த அப்படத்தின் ஒளிப்படங்களும் விளம்பரங்களும் எஞ்சியுள்ளன, படச்சுருள் கிடைக்கவில்லை.

அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில் 1998இல் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் அசைவூட்டப் படம் உருவாகிக்கொண்டிருந்தபோது, தவறான கட்டளை ஒன்றால் கோப்புகள் கண்ணெதிரே ஒவ்வொன்றாக மறைந்தன. காப்புப்படி இருக்கிறதே என்று நாடாக்களைத் திறந்தால், அக்காப்பு முறை பல நாள்களாகவே சரிவர இயங்கவில்லை என்பது தெரியவந்தது. எடுத்த படியைத் திறந்து பார்த்துச் சரிபார்க்க எவரும் எண்ணவில்லை. படக்குழுவைச் சேர்ந்த கேலின் சஸ்மன் அண்மையில் மகப்பேறு அடைந்திருந்ததால் வீட்டிலிருந்து பணியாற்றினார். அதற்காகப் படத்தின் படி ஒன்று அவர் வீட்டுக் கணினியில் இருந்தது. அக்கணினியைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்து மெல்ல ஓட்டிக்கொண்டு நிறுவனத்துக்குக் கொண்டுவந்தனர். கைக்குழந்தைக்காக அமைந்த ஏற்பாடு பெருநிறுவனம் ஒன்றின் படத்தைக் காத்தது.

நாசா நிறுவனத்துக்கு அத்தகைய நற்பேறு முழுமையாக வாய்க்கவில்லை. 1969இல் மனிதன் நிலவில் கால் வைத்த காட்சியின் மூலத் தரவு நாடாக்கள், நாடாத் தட்டுப்பாட்டின்போது அழிக்கப்பட்டு வேறு பணிக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என 2009இல் அந்நிறுவனம் அறிவித்தது. மேலெழுதப்பட்டதை மீட்க வழியில்லை. தொலைக்காட்சி நிறுவனங்கள் தம் ஒளிபரப்பிலிருந்து எடுத்து வைத்த படிகளைக் கொண்டே அக்காட்சியைச் செப்பனிட்டனர்.

திருமழபாடியில் எடுத்த படி

மேற்கண்ட மீட்புகள் தற்செயலானவை. அழிப்பதற்கு முன்னரே திட்டமிட்டுப் படியெடுத்த நிகழ்வு ஒன்று சோழர் காலக் கல்வெட்டில் பதிவாகியுள்ளது. கொள்ளிடக் கரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள திருமழபாடிக் கோயிலின் விமானத்தை இடித்துப் புதிதாகக் கட்ட முதலாம் இராசராசனின் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணை பிறந்தது. பழைய சுவர்களில் நிலக்கொடைகளும் விளக்குக் கொடைகளும் பொறிக்கப்பட்டிருந்தன. சுவர் இடிந்தால் கொடைகளுக்கான சான்றும் இடியும். எனவே, இடிப்பதற்கு முன் கல்வெட்டுகளையெல்லாம் ஏட்டில் படியெடுத்தனர். புதிய விமானம் எழுந்தபின், அவன் மகன் முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், ஏட்டிலிருந்த படியைப் பார்த்து மீண்டும் கல்லில் பொறித்தனர். இடையில் ஓர் அரசன் மறைந்து மற்றோர் அரசன் ஆட்சிக்கு வந்திருந்தான், படி காத்திருந்தது.

அங்கே நிகழ்ந்ததைக் கூர்ந்து நோக்கினால், கல்லுக்கு மாற்றாக மற்றொரு கல்லைத் தேடாமல் ஓலையைத் தேர்ந்ததைக் காணலாம். இக்காலக் காப்புமுறையும் அதையே கூறுகிறது. ஒளிப்படக் கலைஞர் பீட்டர் கிரோக் பரவலாக்கிய ‘3-2-1’ முறைப்படி, ஒரு பதிவுக்கு மூன்று படிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு வகைச் சேமிப்புகளில் அமைய வேண்டும். அவற்றுள் ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

வேறு இடம் என்பதன் பொருளைத் தென்புறநகர் மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவாயிற்று. அடையாறு கரை கடந்தது. முடிச்சூர், வரதராசபுரம், அனகாபுத்தூர் எனப் பல பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த திருமணப் படத்தொகுப்பும், அதன் அருகில் இருந்த குறுவட்டும், மேசையடியில் இருந்த கணினியின் வன்தட்டும் ஒரே இரவில் நனைந்தன. மூன்று படிகளும் ஒரே அறையில் இருந்தால் வெள்ளத்துக்கு அவை ஒன்றே. நனைந்த வன்தட்டைப் பரிசோதிக்கும் ஆவலில் மின்னிணைப்புக் கொடுப்பது, எஞ்சியிருந்த வாய்ப்பையும் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

வேறு இடத்தில் வைக்கும் படியைச் சமூக ஊடகத்தில்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. ஊடக நிறுவனம் வெளியிடும் மேடையே தவிரக் காப்பகம் அன்று. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளுக்குத் தடை விதித்தபோது, அவற்றுள் ஒன்றான டிக்டாக்கில் சிற்றூர்க் கலைஞர்களும் கூலித்தொழிலாளர்களும் இல்லத்தரசிகளும் வெளியிட்டிருந்த காணொலிகள் அவர்களுக்கே எட்டாதவை ஆயின. முன்னரே கைப்பேசியில் தரவிறக்கி வைத்தோரிடம் மட்டுமே அவை எஞ்சின. நாட்டுப் பாதுகாப்பை முன்னிட்ட முடிவு அது. ஆயினும் ஒருவர் தம் பதிவின் ஒரே படியை எங்கே வைத்திருந்தார் என்பது அன்றுதான் பலருக்கு உறைத்தது.

ஊர் வரலாற்றைக் கூறும் காணொலியாயின், அதைப் பொதுக் காப்பகங்களிலும் சேர்க்கலாம். விக்கிமீடியா பொதுவகம் கட்டற்ற உரிமத்தில் காணொலிகளை ஏற்கிறது. இணைய ஆவணக் காப்பகமும் ஏற்கிறது. இலங்கைத் தமிழர் ஆவணங்களைத் தொகுக்கும் நூலக நிறுவனம் நூல்களுடன் வாய்மொழி வரலாறுகளையும் ஒலி, ஒளிப் பதிவுகளாகச் சேர்த்து வருகிறது. பதிவுக்குப் பெயரிடுவதிலும் கவனம் வேண்டும். கைப்பேசி இடும் எண் வரிசைப் பெயரைக் கொண்டு பத்து ஆண்டுக்குப் பின் எவராலும் ஒன்றைக் கண்டெடுக்க இயலாது. பேசுபவர், ஊர், நாள், பொருள் ஆகியவை பெயரிலேயே இருத்தல் வேண்டும். பேசுபவரின் இசைவைப் பெற்றபின்னரே வெளியிட வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

மைஸ்பேஸ் என்னும் சமூக ஊடகம் ஒருகாலத்தில் இளம் இசைக்கலைஞர்களின் முதன்மை மேடையாக விளங்கியது. வழங்கிகளை மாற்றும் பணியின்போது, 2003 முதல் 2015 வரை பயனர்கள் ஏற்றிய பாடல்களும் காணொலிகளும் ஒளிப்படங்களும் இழக்கப்பட்டன என 2019இல் தெரியவந்தது. இழந்த பாடல்கள் ஐந்து கோடியை எட்டும் எனக் கணித்தனர். நிறுவனத்திடம் மாற்றுப்படி இல்லை. இச்செய்தி வெளிவந்த சில வாரங்களில், தம் பெயரை வெளியிட விரும்பாத கல்வியாளர் குழு ஒன்று இணைய ஆவணக் காப்பகத்தைத் தொடர்புகொண்டது. இசை வலைப்பின்னல்களை ஆராய்வதற்காக அவர்கள் 2008 முதல் 2010 வரையிலான காலத்தில் தரவிறக்கி வைத்திருந்த 4,90,000 பாடல்கள் அவர்களின் வன்தட்டுகளில் இருந்தன. அவற்றை அவர்கள் காப்பகத்துக்கு அளித்தனர். தம் முதல் பாடலை இழந்துவிட்டதாக எண்ணியிருந்த கலைஞர்கள் அத்தொகுப்பில் தம் பெயரைத் தேடத் தொடங்கினர்.